திராட்சைத் தோலும் மாறுவேடக் கட்டியும்

கம்பத்திலிருந்து தேனி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு திராட்சை விவசாயிகள். மடியில் பழக்கூடை வைத்திருந்தவர் சொன்னார்:

"கேன்சர் கட்டி மாறுவேசம் போட்டு, ஒடம்புல நோய வெரட்டுற காவக்காரன ஏமாத்துதாம்ணே. நம்ம திராட்சத் தோலுல உள்ள சத்து அதக் காட்டிக்குடுக்குமான்னு எம்மக லேபுல பாக்குறா. மருந்தடிக்காத பழம் கேட்டா. அவளுக்குன்னே ரெண்டு கொடிய ஒதுக்கிட்டேன்."

"அடேயப்பா! அப்ப 'கேன்சர் தீரும்'னு ரோட்டுக் கடையில போர்டு வச்சிரு."

"வச்சேன். அவளே வந்து கழட்டிட்டா. 'லேபுத் தட்டுல பலிச்சது மனுச ஒடம்புல பலிக்குமான்னு இன்னும் தெரியாதுப்பா'ன்னுட்டா."

"சொந்தத் தோட்டத்துப் பழத்துக்கே போர்டு வைக்க விடலியா! கெட்டிக்காரிதான்."

"அவ ஆத்தாளுக்கே கட்டிதாண்ணே. பழத்த நம்பாம ஆஸ்பத்திரியிலதான் சேத்திருக்கா."

"அப்ப இந்தப் பழக்கூட யாருக்கு?"

"அங்கன இருக்க நர்சம்மாக்களுக்கு. சும்மா திங்கத்தான்."