கல்லு தெரியுதா

அது எல்லாரும் கேக்குறதுதான் சார், நீங்க மட்டும் இல்ல. நீங்க முன்னாடி இருந்த ஆபீஸ்ல மழைன்னா ஒண்ணு லீவு, இல்லன்னா ஸ்கூல் உண்டு, கதை முடிஞ்சுது. இங்க மட்டும் ஏன் எடுத்ததுக்கெல்லாம் ரெண்டு மணி நேரம் தாமதம்னு அறிவிக்கறாங்கன்னுதானே கேக்குறீங்க? சொல்றேன், உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், மேல சொட்டும். இந்தப் பக்கம் வாங்க. கல்வி அதிகாரி அறைன்னு வெளியில போர்டு இருக்கே தவிர, மழைக்காலத்துல இங்க வாளிக்குத்தான் மரியாதை. அது எங்க உக்காருதோ, அதை விட்டு மிச்ச இடத்துலதான் நாம.

சாவியெல்லாம் குடுத்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் நான் அதிகாரி, விடிஞ்சா நீங்க. நான் ரிட்டயராகி வீட்டுக்குப் போற நாளும் அதுவுமா மேகம் எப்படிக் கட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. கலெக்டர் அதை நம்மகிட்டயே விட்டுட்டதால, நாளைக்கு லீவா இல்லையான்னு சொல்ல வேண்டியது நீங்கதான். உங்ககிட்ட ஒரு உதவியும் கேக்கணும். அதைக் கடைசியில கேக்குறேன். இப்பவே கேட்டா, வேலைய விட்டுப் போற பொம்பளை முதல் நாளே சிபாரிசோட வந்துட்டான்னு நினைப்பீங்க.

வேலைன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. திட்டு வாங்கணும், அவ்வளவுதான். நீங்க லீவு விட்டா வெயில் பளிச்சுன்னு அடிக்கும். விடலன்னா ஊத்தும். நான் சொல்றேன்னு நம்பாதீங்க, ஒரு மாசம் இருந்து பாருங்க. லீவு விட்டா அம்மாக்காரங்க போன் பண்ணித் திட்டுவாங்க, வேலைக்குப் போறதா, வீட்டுல புள்ளையப் பாத்துக்கறதான்னு. விடலன்னா அப்பாக்காரங்க திட்டுவாங்க, எங்க புள்ளைங்க உங்களுக்கு மனுசங்களாத் தெரியலையான்னு. பசங்க இருக்காங்களே, எப்படியோ நம்ம நம்பரைப் பிடிச்சுடுவாங்க. மேடம் உங்க கால்ல விழுறேன், நாளைக்குக் கணக்குப் பரீட்சைன்னு ஒருத்தன் மெசேஜ் அனுப்பியிருந்தான். வெளியில ஒரு சொட்டு மழை இல்ல. நல்லாப் படின்னு பதில் போட்டேன், அன்னையிலேருந்து வேற மெசேஜே வரல.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. முதல் பஸ் கிளம்புறதுக்குள்ள சொல்லிடணும். பஸ் ஒரு புள்ளைய ஏத்திடுச்சுன்னா போச்சு. அப்புறம் லீவுன்னு சொல்லி இறக்கி விட்டா, அது பூட்டின வீட்டு வாசல்ல போய் நிக்கும். அம்மா அப்பா வேலைக்குப் போயிருப்பாங்க. மழைய விட அந்தப் பூட்டுதான் சார் ஆபத்து. அதனால வானிலை ஆபீஸ் சொல்றதைக் கேளுங்க, பஸ் டிப்போவைக் கேளுங்க, ஆனா கடைசியா ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்குற ஸ்கூலைக் கேக்காம வாயத் திறக்காதீங்க.

அங்கதான் தரைப்பாலம் இருக்கு. பாலத்து ஓரத்துல சுண்ணாம்பு அடிச்ச ஒரு கல்லு நட்டிருக்கு. கல்லு முழுசாத் தெரிஞ்சா பஸ் போகலாம். கல்லு முங்கிடுச்சுன்னா லீவு, யோசிக்கவே வேண்டாம். தலை மட்டும் தெரிஞ்சு தெரியாம இருந்தா ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சுட்டு, திரும்பக் கேட்டுட்டு முடிவு பண்ணணும். அந்த ஸ்கூல் தலைமை ஆசிரியை காலங்காத்தால குடையப் பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பாத்துச் சொல்லுவா.

சொல்லுவாங்கன்னு சொல்லாம சொல்லுவான்னு சொல்லிட்டேனா? சரி, எப்படியும் தெரியத்தான் போகுது. என் தங்கச்சி சார். கூடப் பொறந்தவ.

இல்ல இல்ல, அதுல சலுகை கிலுகை ஒண்ணும் கிடையாது. சலுகை குடுத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. அந்த ஸ்கூல்ல புள்ளைங்க மரத்தடியில உக்காந்து படிச்சுதுங்க. இவ ஏறாத படி இல்ல, பாக்காத ஆள் இல்ல. ஒரு வழியா ரெண்டு ரூம் கட்டிக் குடுத்தாங்க. திறப்பு விழாவுக்குப் பெரிய பெரிய ஆளுங்க வர்றதா ஏற்பாடு. புள்ளைங்க டான்ஸ் ஆடி ஆடிக் கால் வீங்கிக் கிடக்குதுங்க. முந்தின நாள் புயல் எச்சரிக்கை வந்துச்சு. நான் எல்லா ஸ்கூலுக்கும் லீவு விட்டேன். இவ இங்கதான், நீங்க உக்காந்திருக்கீங்களே அங்கதான் வந்து நின்னா. எங்க ஸ்கூலுக்கு மட்டும் விதிவிலக்கு குடு அக்கா, சாமியானா வரைக்கும் கட்டியாச்சுன்னா. ஒரு ஸ்கூலுக்கு ஒரு சட்டம் போட முடியாதுன்னுட்டேன்.

மறுநாள் என்ன ஆச்சுன்னா கேக்குறீங்க? கழுவித் துடைச்ச தட்டு மாதிரி வானம். புயல் வேற பக்கம் போயிடுச்சு. வர வேண்டியவங்க லீவுன்னு தெரிஞ்சு வரவே இல்ல. புள்ளைங்க டான்ஸ் டிரஸ்ஸப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்குதுங்க. அப்புறம் விழாவே நடக்கல. யாரோ ஒரு நாள் வந்து பூட்டைத் திறந்து விட்டுட்டுப் போனாங்க. அவ வந்து, உன் நாற்காலிக்குத் தங்கச்சின்னு ஒருத்தி கிடையாது, எனக்குத்தான் அது தெரியாமப் போச்சுன்னு சொன்னா. அதுதான் அவ எங்கிட்ட மனசு விட்டுப் பேசின கடைசிப் பேச்சு. அதுக்கப்புறம் நான் அவளுக்கு மேடம்.

தப்பு பண்ணினேன்னு சொல்ல மாட்டேன் சார். இன்னைக்கு அதே எச்சரிக்கை வந்தாலும் அதையேதான் பண்ணுவேன். அதையும் அவகிட்ட சொல்லிட்டேன். அதுதான் கூடுதல் கோபம்.

அவ கோபம்னா சாதாரணக் கோபம் இல்ல, ஆபீஸ் கோபம். அவ மகன் கல்யாணப் பத்திரிகை எனக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? தபால் பையில. மேல ஒரு காகிதம், பள்ளி முத்திரை குத்தி, தங்கள் கவனத்திற்கும் தக்க நடவடிக்கைக்கும் பணிந்து அனுப்பப்படுகிறதுன்னு. பெரியம்மா சார் நான். அந்தப் பையனைத் தூக்கி வளத்தவ. போனேன், போகாம? தக்க நடவடிக்கை எடுக்கணுமே. வாங்க மேடம்னு கூட்டிட்டுப் போய் முதல் வரிசையில, ரெண்டு அதிகாரிங்களுக்கு நடுவுல உக்கார வச்சா. மாப்பிள்ளையோட பெரியம்மா எங்கன்னு யாரோ தேடிக்கிட்டிருந்தாங்க.

ஆனா மழை பெஞ்சா போன எடுத்துத்தான் ஆகணும். அது அவ கடமை. கல்லு தெரியுதான்னு நான் கேப்பேன், தலை மட்டும் தெரியுது மேடம்னு அவ சொல்லுவா. சில நாள் கல்லப் பாத்துட்டு வீட்டுக்கு வந்து பேசுவா, பின்னாடி நாய் குரைக்கும். பால் பொங்குற சத்தம் கேக்கும், அடுப்ப அணைக்கப் போவா, நான் பிடிச்சுக்கிட்டே இருப்பேன். ஒரு நாள் ரொம்ப இருமினா. சளி பிடிச்சிருக்கா, டாக்டரைப் பாத்தியான்னு கேட்டுட்டேன். அது வானிலை சம்பந்தப்பட்ட கேள்வி இல்லையே மேடம்னா. சரிதான்னு வச்சுட்டேன்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். ஏன் இவ்வளவு தாமதம்னு கேட்டீங்களே. சார், லீவு விட்டா ஒரு போனோட முடிஞ்சுடும். ஸ்கூல் உண்டுன்னாலும் ஒரு போன்தான். தாமதம்னு வச்சாத்தான் திரும்ப ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்கணும்.

சிரிக்காதீங்க. நான் பொய்யெல்லாம் சொல்லல. லீவு விட வேண்டிய நாளைக்கு விடாம இருந்ததே இல்ல, ஒரு புள்ள என்னால நனைஞ்சது கிடையாது. அவ தலை மட்டும் தெரியுதுன்னு சொன்னா, விதிப்படி அது தாமதம். ஒரு ஸ்கூலுக்கு ஒரு சட்டம் போட முடியாதே, அதனால எல்லா ஸ்கூலுக்கும் தாமதம். ஊர்ல தூறல் நின்னு காக்கா கத்திக்கிட்டிருக்கும், அப்பவும் நான் இன்னும் கொஞ்சம் தோண்டிக் கேட்டிருக்கலாம். கேக்கல. அவ சொன்னா சரின்னு சந்தோசமா வச்சுட்டு, கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இந்த வாளி பக்கத்துல உக்காந்திருப்பேன். அந்த அளவுக்குத்தான் என் திருட்டுத்தனம்.

அப்படித்தான் நேத்து வரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன். நேத்து பஸ் டிரைவர் ஒருத்தர் வந்தாரு, அந்தத் தரைப்பாலத்து வழியா ஓட்டுறவரு. வழியனுப்ப வந்தேன் மேடம்னாரு. பேச்சோட பேச்சா, மனசுல ஒரு சந்தேகம், கேட்டுடட்டுமான்னாரு. கேளுங்கன்னேன். நான் அங்கதான பஸ்ஸ நிறுத்திட்டு நிப்பேன், எத்தனையோ நாள் கல்லு அடி வரைக்கும் காஞ்சு கிடக்கும், அந்தத் தலைமை ஆசிரியை கல்லுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே, கல்லத் தொட்டுக்கிட்டே, தலை மட்டும் தெரியுது மேடம், கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்கன்னு சொல்லுவாங்களே, அவங்களுக்குக் கண்ணுல ஏதாவது கோளாறான்னு கேட்டாரு.

அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்னேன். தண்ணி குடிங்க மேடம்னு அவரே எடுத்துக் குடுத்தாரு.

இத்தனை ஸ்கூல், இத்தனை புள்ளைங்க, காலைல சீருடையப் போட்டுக்கிட்டு வீட்டுல உக்காந்திருந்துதுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரு கல்லப் பத்தி இன்னொரு தடவை பேசுறதுக்காக. நான் என்னமோ என்னைய மட்டும்தான் கள்ளின்னு நினைச்சிருந்தேன்.

என்ன, நேர்லயே போகலாமேங்கறீங்களா? போய் என்ன சொல்றது? வாங்க மேடம்னு நாற்காலி போடுவா. இல்ல, நாளையிலேருந்து மேடமும் கிடையாது, அப்ப என்னன்னு கூப்பிடுவாளோ, அதுவும் தெரியல. ரெண்டு பேருக்கும் மழையிலதான் பேசிப் பழக்கம் சார்.

இந்தாங்க, ஆபீஸ் போன். டிப்போ நம்பர் இருக்கு, வானிலை ஆபீஸ் இருக்கு, எல்லாத் தலைமை ஆசிரியருங்களும் இருக்காங்க. அந்த ஓடைப் பக்கத்து ஸ்கூல் மட்டும் இருக்காது, தேடாதீங்க, நான்தான் அழிச்சேன். அதுதான் நான் கேக்க வந்த உதவி. நல்லா இருட்டிக்கிட்டு வருது, நாளைக்குக் காலைல கண்டிப்பா மழை இருக்கும். அவளுக்கு மட்டும் நீங்க போன் பண்ண வேண்டாம். நான் வீட்டுலேருந்து கேட்டு உங்களுக்குச் சொல்லிடறேன். ரெண்டு தடவையும்.