ஹெவிவெயிட் அருணகிரி

— கண்ணத் தொறடா அருணகிரி. இது எத்தினி வெரலு?

— வெரலு ஒண்ணுதான் பிலிப்ராஜ் சார். உங்க தலைதான் ரெண்டா தெரியுது.

— ஜெயிக்க வேண்டிய ஆளுடா நீ! இப்பிடி இஸ்கூல் பெஞ்சுல மல்லாந்து கெடக்கறியே. டைலரைக் கூட்டியாந்து அளந்தேனே, இந்த வடாற்காடு ஜில்லாவுலயே உன்னுதுக்கு மேல நீளமான கை கெடையாது. அந்த சின்னராசு உன் தோளுக்குக்கூட வரல. கணக்குப்படி அவன் குத்து உன்கிட்ட வந்தே சேரக் கூடாது.

— வந்துச்சு சார். ரெண்டு வாட்டி வந்துச்சு.

— எப்பிடிடா வரும்? பாக்ஸிங்னாலே ஒடம்பும் கை நீளமும்தான். பெரிய ஆளு நிப்பான், சின்ன ஆளு வுழுவான். பி.டி. மாஸ்டர் எனக்குத் தெரியாததா?

— அவன் போளூர் மண்டில மூட்டை தூக்கறவன் சார். கணக்கு கேட்டுனு வர்ல. குனிஞ்சான், வவுத்துல ஒண்ணு, தாடையில ஒண்ணு. அவ்ளோதான்.

— நீ கைய நீட்டலியா?

— நீட்டினேன் சார். அதுக்குக் கீழ பூந்து வந்துட்டான்.

— அப்பிடி பூர்றதுக்கு ரூல்ஸ்ல தடை போடணும்டா.

— வுடுங்க சார். மெய்யா சொல்றேன், வுழுந்ததும் மனசு குளுந்து போச்சு. மலை மேல புளி உலுக்கினு இருந்தவனை, உசரமா இருக்கறான்னு இஸ்தாந்து கையில ஒறைய மாட்டி வுட்டீங்க. அடின்னா எனக்கு ரொம்ப பயம் சார். தோத்தவனை இனிமே யாரும் கூப்ட மாட்டாங்க இல்ல? எம் பொண்டாட்டி பாஞ்சாலை சாமைக்கஞ்சி காய்ச்சி வெச்சிருப்பா. நான் வூட்டுக்குப் போறேன்.

— மானம் போச்சேடா!

— மானம் உங்களுது சார். பல்லு என்னுது.

— ண்ணா... உள்ள வரலாமா? நான்தான், சின்னராசு.

— ஐயோ சார், பாக்கி இன்னும் இருக்குதா?

— இல்லண்ணா, பயப்படாதீங்க. தாடை வலிக்குதா?

— வலிக்குது. ஆனா நீ நல்லா இருக்கணும் தம்பி. கப்பு வாங்கிட்டியா?

— எங்கண்ணா? எடை மிஷினு இப்பதான் வந்து சேந்துச்சு.

— அது எதுக்கு?

— சண்டைக்கு முன்னாடியே எங்கள நிறுத்துப் பாத்திருக்கணுமாம். சந்தையில புளி மூட்டை எடை போட எடுத்துனு போனவங்க இப்பதான் திருப்பிக் குடுத்தாங்க. ஹெவிவெயிட்டுன்னா எம்பத்தொரு கிலோ இருக்கணுமாமே. நான் ரெண்டு கிலோ கம்மி. அடிச்ச அடி செல்லாதுன்னுட்டாங்கண்ணா. ஜெயிச்சா போலீஸ்ல வேலைன்னு சொன்னாங்க. எங்கம்மா கோழி அடிச்சுட்டு வாசல்லயே ஒக்காந்துனு இருக்குது...

— பாத்தியாடா அருணகிரி! நான் இன்னா சொன்னேன்? ஒடம்புடா! ஒடம்பு இருக்கறவன்தான் ஜெயிப்பான்!

— சும்மா இருங்க சார், பையன் அழறான். தம்பி, அப்போ ஜெயிச்சது யாரு?

— நீங்கதாண்ணா. அடுத்த வாரம் மெட்ராஸ்ல உங்ககூட மோதறவரு ஆறரை அடியாம்; கை உங்களுத வுட ஒரு சாண் நீளமாம்.