இரண்டு காதுக்கு இரண்டு சுதி

உங்கள் கடிதத்தில் என்னை மருத்துவர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. காதைச் சோதித்து, கேட்கும் கருவியைப் பொருத்தி, அவரவர் காதுக்கு ஒத்துவரும்படி கணினியில் திருத்திக் கொடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை, இதே அறை. என்மேல் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. விசாரணைக் குழுவின் பதிவேட்டில் தப்பாக ஏறிவிடக் கூடாதே என்றுதான் முதலில் இதைச் சொல்கிறேன்.

நடந்ததை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. உட்கார்ந்து எழுதத்தான் முடியவில்லை. ஒரு வரி எழுதியதும் எழுந்து போய் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கிறேன். அணைத்துத்தான் இருக்கிறது. திரும்பி வந்தால் ஜன்னல் கதவு படபடக்கிறது. இந்தப் பக்கத்துக்குள் நாலு தடவை எழுந்தாயிற்று. அப்பா பக்கத்து அறையில் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார்.

அப்பா வயலின் ஆசிரியர். எங்கள் வீட்டுக் கூடத்தில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம்வரை யாராவது இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அப்பா சட்டென்று உருகிவிடுகிற மனிதர். ஒரு மெட்டு நல்லபடியாக வந்து இறங்கினால் கண் கலங்கிவிடும். ஓவியக் கூடத்தில் ஒரு படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நின்று மூக்கை உறிஞ்சுவார். ஏரிக்கரையில் விடிகாலைப் பறவைச் சத்தம் கேட்டால் யாரும் பேசக் கூடாது. அவருடைய முதல் மாணவியும் அவரைப் போலவே. சிட்டு என்று கூப்பிடுவார். என் வயதுதான் அவளுக்கும். இரண்டு பேரும் ஏரிக்கரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் எப்போது சாப்பிடப் போவோம் என்று கேட்பேன்.

எனக்கு இசை ஏறாது. ஏறவே இல்லை. ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். ஒன்பது வயதில் அப்பா என்னை உட்கார வைத்து ஒரு சுரத்தை வாசித்து, அதையே பாடச் சொன்னார். மூன்று தடவை பாடினேன். மாணவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "விடும்மா. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் அவர் என்னிடம் பேச விஷயம் எதுவும் இல்லாமல் போய்விட்டது என்பதைத்தான் குறிப்பிடுகிறேன். சாப்பிட்டியா, பரீட்சை எப்போ, கதவைச் சாத்து. முப்பத்தேழு வருடம் இந்த மூன்றையும் வைத்தே ஓட்டினோம்.

அம்மா இறந்தபோது அப்பா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் காலை சமையலறை ஜன்னலில் ஏதோ ஒரு குருவி வந்து கத்தியது. தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மாவுக்கு வராத கண்ணீர் ஒரு குருவிக்கு வந்தது. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து துலக்கினேன்.

பிறகு அவருக்குக் காது மங்கத் தொடங்கியது. இரண்டு காதிலும் வேகமாக இறங்கியது. கருவி இல்லாமல் கதவை இடித்தால்கூடத் தெரியாது என்கிற நிலைமை. சொந்த மகளே இந்தத் தொழிலில் இருக்கும்போது வேறு எங்கே போவார்? நல்ல கருவியாக வரவழைத்து நானே பொருத்தினேன்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் நம்ப வேண்டும். முதல் நாள் நடந்தது மறதி. அந்தக் கருவிகளில் ஒரு வசதி உண்டு. காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தங்களைக் கொஞ்சம் கீழே இறக்கி, எட்டுகிற இடத்தில் கொண்டுவந்து கொடுக்கும். பேச்சுக்கு மிகவும் நல்லது. இசைக்கு ஆகாது, சுரம் இடம் மாறிவிடும். வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு அதை அணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. நான் அணைக்க மறந்துவிட்டேன். அப்பாவுக்கு இடது காது வலதைவிட மோசம் என்பதால் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாக இறங்கியது.

மறுநாள் அப்பா என் அறைக்கே வந்துவிட்டார். "என்னம்மா இது, ஒரே கம்பி ரெண்டா கேக்குது. இந்தக் காதுல ஒரு சுதி, அந்தக் காதுல ஒரு சுதி. வாசிக்கவே முடியல."

"பார்க்கிறேம்பா. உக்காருங்க. இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

உட்கார்ந்தார். அன்று வாசிக்க முடியாததால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை. கடைசி ஆள் போனதும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வேலை உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவர் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. மனைவியின் நச்சரிப்பிலிருந்து தப்பிக்கவே கருவியைக் கழற்றி வைக்கும் ஒரு கடைக்காரரைப் பற்றிச் சொன்னேன். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது, "அதைச் சரி பண்ணலியே" என்றார். "பழகப் பழகச் சரியாயிடும்பா" என்றேன்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படித்தான் இருந்தது. விழுந்த பழத்தை எடுத்துக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை.

மாதம் ஒரு முறை கருவிகளைச் சுத்தம் செய்யக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் அந்த இறக்கத்தை ஒரே ஒரு படி கூட்டினேன். ஒரு மாதம் இடது, மறுமாதம் வலது. இதில் அவசரப்பட்டால் ஆள் கண்டுபிடித்துவிடுவார். அளவாகச் செய்தேன், பேச்சுக்கு இடைஞ்சல் வராமலும் பார்த்துக்கொண்டேன். வேலை என்று எடுத்தால் எனக்கு அரைகுறை பிடிக்காது.

அப்பாவால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கம்பியை மாற்றினார். வில்லை மாற்றினார். கம்பிகளைத் தாங்கும் குதிரைக் கட்டையை ஒரு மயிரிழை நகர்த்திப் பார்த்தார். கூடத்திலிருந்து மாடிக்கும் மாடியிலிருந்து குளியலறைக்கும் வயலினைத் தூக்கிக்கொண்டு அலைந்தார், எந்தச் சுவருக்குள்ளாவது சுதி சேராதா என்று. மாணவர்களை அபஸ்வரம் அபஸ்வரம் என்று வறுத்தெடுத்தார். ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஊர்ப் பேச்சு, வாத்தியாருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று.

சிட்டு வந்தாள். இப்போது பெரிய இசைக்குழுவில் வாசிக்கிறாள். எனக்கு அவள்மேல் பொறாமை கிடையாது, அவளைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. அன்று பச்சைச் சட்டை போட்டிருந்தாள், இடது கையில் மட்டும் வளையல் இல்லை. அப்பா வாசித்துக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், சரியாத்தான் இருக்கு. முன்னைவிட நல்லா இருக்கு" என்றாள்.

"நீயும் பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டியா?" என்றார் அப்பா. "கெழவன் மனசு நோகக் கூடாதுன்னு பாக்கிறியா? போ. இனிமே வராதே."

நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா என்னிடம் கேட்டார். "உண்மையைச் சொல்லு. என் காதா, என் கையா?"

"காது நரம்புப்பா. இனிமே பாட்டு இப்படித்தான் கேக்கும். பேச்சு நல்லாக் கேக்கும்."

"பேச்சு மட்டும்."

"பேச்சு மட்டும்."

ஜன்னல் பக்கம் திரும்பி, "பறவை?" என்றார்.

"அதுவும் அப்படித்தாம்பா."

அப்பா அழுதார். என் முன்னால், என்னிடம், என் தோளில் சாய்ந்து அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இதைச் சொன்னால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இசையும் ஓவியமும் விடிகாலை ஏரியும் மனிதர்களை உருக்கும் என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவள் நான். உருகுவது எப்படி இருக்கும் என்று அந்த அரைமணி நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மார்புக்குள் ஏதோ இளகி, கண் தானாக நிறைந்து, இது முடியவே கூடாது என்று இருந்தது. அதற்காகத்தானே எல்லோரும் அரங்கத்துக்கும் மலைக்கும் ஓடுகிறார்கள்? எனக்கு அது வீட்டிலேயே கிடைத்தது.

மறு வாரம் வயலினை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். ஏரிக்கரைக்குப் போவதையும் விட்டுவிட்டார். அதற்குப் பின் தினமும் சாயங்காலம் நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவோம். எனக்கு விவாகரத்து ஆன கதை, அம்மாவின் கடைசி நாட்கள், ஒன்பது வயதில் நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அப்படியாம்மா" என்பார், தலையை ஆட்டுவார். அவ்வளவு பொறுமையாக யாரும் நான் பேசிக் கேட்டதில்லை. அப்போதெல்லாம் இடது கை மட்டும் முழங்கால்மேல் இருந்தபடி விரல்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருக்கும். வயோதிக நடுக்கம் என்று நினைத்தேன்.

வயலின் போன பிறகு படி கூட்டத் தேவை இருக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன் ஒரு நாள்தான் கருவிகளை மறுபடி கணினியில் இணைத்தேன். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கருவி ஓடியது என்பதை அதுவே குறித்து வைத்திருக்கும். முன்பெல்லாம் பதினாலு மணி நேரம். வயலினைக் கொடுத்த நாளிலிருந்து பூஜ்யம். பேட்டரி மூடியைத் திறந்துவிட்டு வெறும் கூட்டைத்தான் காதில் மாட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்டிருக்காது. விரல்கள் ஏன் அசைந்தன என்பதும் அப்போது விளங்கியது. அவர் உள்ளுக்குள் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே சுதி சரியாக இருந்திருக்கும்.

மீதி உங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் நான் இல்லாத நேரத்தில் சிட்டு வந்திருக்கிறாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மேசைமேல் இருந்த கருவிகளின் பேட்டரி மூடியைச் சாத்தித் தன் காதில் வைத்துக்கொண்டு, தன் வயலினின் ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்திருக்கிறாள். அப்படியே உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுத்ததை நான் பெரிதுபடுத்தவில்லை. கருவி பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்று அப்பாவுக்கு எழுதிக் காட்டினேன். சரி என்று தலையசைத்தார்.

உங்கள் கடைசிக் கேள்வி, பழைய அமைப்பு இருக்கிறதா என்பது. இருக்கிறது. கணினியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். திரும்ப ஏற்றுவது ஒரு நிமிட வேலை. அவர் கேட்டால் செய்துவிடுவேன். இதுவரை கேட்கவில்லை.

ஆம், நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அப்பாவின் நிலைமை மோசம் என்று நீங்கள் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பூஜ்யத்தைப் பார்த்த அன்றும் நான் சாயங்காலம் வழக்கம்போல உட்கார்ந்து பேசினேன். இன்றும் பேசுவேன். ஒரே ஒரு மாற்றம், இப்போது பேசும்போது அவருடைய இடது கையை என் இரண்டு கைகளுக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். முதல் சில வாரம் விரல்கள் உள்ளே துடித்துக்கொண்டிருந்தன. இப்போது அசைவதில்லை. நான் சொல்வதைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்.