ஞானத்தாய்

அந்தப் பெட்டியையும் தொறந்து பாருங்கய்யா. கம்பளியும் பழந்துணியுந்தான். மாதா படத்தை ஒளிச்சு வச்சிருக்கேன்னு யாரு சொன்னா, எதுத்த வீட்டு பெலகியாவா? அவதானே! அவ வீட்டுல மூணு படம் இருந்துச்சு. சாமி படமே இருக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்ட ராஜாவோட ஆளுங்க, நீங்க, தெருவுக்குள்ள வர்றீங்கன்னதும் மூணையும் அடுப்புல போட்டுட்டு, இப்ப ஊருக்குப் புத்தி சொல்றா.

கொஞ்சம் மெதுவா நடங்க. தொட்டில்ல புள்ள இருக்கு. அந்தூசா. ரெண்டு வயசு இன்னும் ஆகல. அஞ்சு நாளாக் காய்ச்சல், அனலாக் கொதிச்சுது. வைத்தியர் கையை விரிச்சுட்டார்.

ஆமா, படம் இருந்துச்சு. பொய் சொல்லல. பலகையையும் அதுல பூசின மெழுகுச் சாயத்தையும் கும்புடுறது பாவங்கிறீங்க, சரி. ஆனா இவளுக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்கு ஞானத்தாயா நிக்க ஒரு பொம்பளை வரலையே! படத்தைக் குடுக்கமாட்டேன்னு முரண்டு புடிச்சு இவ அப்பன் அப்பத்தான் சிறைக்குப் போனான், இன்னும் வரல. எல்லாரும் பயந்துட்டாளுங்க. சாமியார்தான் மாதா படத்தைப் பக்கத்துல நிறுத்தி, புள்ளையைப் படத்துல இருக்குற மாதா கையில சாய்ச்சு வச்சாரு. உங்களுக்கு அது படம். இவளுக்கு ஞானத்தாய். சொந்தத்தை யாராச்சும் புடிச்சுக் குடுப்பாங்களா?

என்ன, கிளம்புறீங்க? அதுக்குள்ளயா? இருங்கய்யா. தொட்டிலுக்கு அடியில பாக்கவே இல்லையே. ம், குனிஞ்சு பாருங்க. அதேதான், எடுங்க. மொகம் எங்கேன்னா? நான்தான் சுரண்டிட்டேன், உங்களுக்கு வேலை வைக்காம. இன்னைக்குக் காலையில, மீன் செதில் எடுக்குற கத்தியால. மொதல்ல முக்காடு, அப்புறம் கை. கண்ணைச் சுரண்ட மட்டும் மனசு வரல. புள்ள மொனகுச்சு. அதையும் சுரண்டிட்டேன். பொடியைத் திராட்சை ரசத்துல கலக்கிப் பொகட்டினேன். காய்ச்சலுக்கு மருந்தா இங்க எல்லாத் தாயும் பண்றதுதான், ஒரு சிட்டிகை போடுவாங்க. நான் மொத்தத்தையும் போட்டேன்.

குடிச்சா. கண்ணை மூடினா. மொனகல் நின்னுடுச்சு. வெயில் இப்ப உச்சிக்கு வந்துடுச்சு.

அந்தப் பலகையை எடுத்துட்டுப் போங்கய்யா, என்னையும் இழுத்துட்டுப் போங்க, ஒண்ணும் சொல்லமாட்டேன். அதுக்கு முன்னாடி இவ நெத்தியை ஒரு தடவை தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. காலையிலேருந்து நான் தொடல. எனக்குப் பயமா இருக்கு.