உப்பு கம்மி

"நேத்து எங்க ஊட்டுக்காரரு என் கொழம்புல உப்பு கம்மின்னு திட்டுனாருக்கா!"

ஆவடி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள். வண்டி குமணன்சாவடி சிக்னலில் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பக்கத்தில் இருந்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"திட்டுனதுக்கா இப்டி சிரிக்கிற?"

"ஆறு வருசமா அந்த மனுசன் ருசி பாத்தா துன்னாரு? ஒரு வாய் சோறு, ஒரு சொம்பு தண்ணி. அப்பவும் நெஞ்சுலயே நிக்கும். பாதியில எழுந்து போயி வாந்தி எடுப்பாரு. மாமியாரு என் சமையலத்தான் சொல்லிகினு இருந்திச்சு. நானும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன்."

"ஐயோ! அப்பறம்?"

"ஆஸ்பத்திரில காட்டுனா, சோறு எறங்குற கொழாயி அடியில தொறக்கவே இல்லியாம். ரொம்பப் பேருக்கு வராத வியாதியாம். வாய் வழியா டியூப் வுட்டு, உள்ளாறயே சதையக் கீறி வுட்டாங்க. வெளிய ஒரு தையல் கூட இல்லக்கா. அப்பறம் கொஞ்ச நாளு கஞ்சி. நேத்துதான் சோறு போட்டேன்."

"எறங்குச்சா?"

"மூணு தபா வாங்கித் துன்னாரு! சொம்புத் தண்ணி வெச்ச எடத்துலயே கெடந்துச்சு. அப்பாலதான் உப்பு கம்மின்னாரு. மாமியாரே எழுந்து போயி உப்பு டப்பாவ எடுத்தாந்துச்சு."

இப்போது அக்காவும் சிரிக்கத் தொடங்கினாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சரி, இன்னிக்காவது உப்பு பாத்துப் போட்டியா?"

"ஊஹூம். இன்னிக்கும் கம்மியாத்தான் போட்டு வெச்சிட்டு வந்துகீறேன். இன்னொரு தபா திட்டட்டும், கேக்கணும்."