புதுத் தந்தி

"'ஆளு அப்படியேதான் இருக்காரு, சத்தந்தான் மங்கிப்போச்சு'ன்னான். நேத்து ஒத்திகை முடிஞ்சு, காபி மிஷின் பக்கத்துல. நான் பின்னாடி நிக்கறது தெரியாம! யாரு? ஆர்க்கெஸ்ட்ராவுல அந்தப் பெரிய டிரம் அடிக்கிறவன். கச்சேரி முழுக்க உக்காந்திருந்து மூணு தட்டு தட்டிட்டுப் போறவனுக்குக் காது வந்திருச்சும்மா, காது!"

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் வயலின் வித்துவான் கண்ணாடி முன் நின்று பொருமிக்கொண்டிருந்தார். அவரால் முடியாமல் போனால் வாசிக்கட்டும் என்று வரவழைக்கப்பட்டிருந்த பெண், தன் வயலினை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் எந்திரிக்கிற? முதல் மணிதான். மூணாவதுக்குத்தான் மேடை. உன்னைக் குத்தம் சொல்லலம்மா... கூப்பிட்டாங்க, வந்துட்ட. ஆனா எனக்கு மாத்து ஆளு! என் கல்யாணத்தன்னிக்கே சாயங்காலம் போய் வாசிச்சவன் நான். அதை இன்னிக்கும் அவ சொல்லிக் காட்டறா, அது வேற கதை... இரு, சுருதி எங்க இறங்குது பாரு."

கையிலிருந்த வயலினின் தந்தியை முறுக்கினார்.

"அதென்ன வயலின்? பளபளன்னு... மிஷின்ல செஞ்சதா? தப்பா நினைக்காத, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தாராளமாப் போதும். இது அப்படியில்ல. எங்க வாத்தியார் கையில குடுக்கறப்பவே, 'இது உன்னைவிடப் பெரிய ஆளு, மரியாதையா நடந்துக்கோ'ன்னுதான் குடுத்தார்."

இரண்டாவது மணி அடித்தது.

"அடிக்கட்டும். அடச்சே, மறுபடி இறங்கிடுச்சு! இப்பத்தானே ஏத்தினேன்? எல்லாம் இந்த ஏசி. இதை இங்க மாட்டினவனை... என்ன பாக்குற? தந்தியா? ஆமா, புதுசு. நாலுமே புதுசு. மத்தியானந்தான் மாத்தினேன். தெரியும்மா, தெரியும்! புதுத் தந்தி இழுபட்டு அடங்க நாலு நாளாகும், அதுவரைக்கும் சுருதி நிக்காது, கச்சேரியன்னிக்குத் தொடவே கூடாது. இதை என் பசங்களுக்கு முதல் வகுப்புலயே காதைத் திருகிச் சொல்லித் தர்றவன் நான். நீ எனக்குப் பாடம் எடுக்காத. மங்கிப்போச்சாமே! அவன் என் முதுகுக்குப் பின்னாடிதானே உக்காரப் போறான்... கணீர்னு கேக்கட்டும்னுதான்... சிரிக்கிறியா? இல்லையா? சரி. ஆனா ஒண்ணு, நீ போய் வாசிச்சிடலாம்னு மட்டும் கனவு காணாத. அந்தப் பேச்சுக்கே இடமில்ல."

மூன்றாவது மணி அடித்தது.

அவர் ஒரு முறை மீட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு தன் வயலினை அவள் மடியில் கிடத்தி, அவளுடையதை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.