யூவி மிஷின் காட்டிய கலப்படம்

என் பெயர் சுகப்பிரியா, வயது 27, த/பெ உச்சிமாகாளி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தற்போது குன்றத்தூரில் வாடகை அறையில் தங்கி, ஒரகடத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பெயிண்டில் சேர்க்க ட்ரம்களில் வந்து இறங்கும் கரைப்பானில் கலப்படம் உண்டா என்று யூவி மிஷினில் பார்த்துச் சொல்வது என் வேலை.

சம்பவத்தன்று காலை, ட்ரம் இறக்கும் இசக்கிபாண்டி கொண்டுவந்த மாதிரியை ஒரு செல்லிலும், சுத்தமான கரைப்பானை இன்னொரு செல்லிலும் ஊற்றி மிஷினில் வைத்தேன். செல் என்பது சிறிய சதுரக் குப்பி. கலப்படம் இருந்தால் அது புற ஊதா ஒளியை விழுங்கும், மிஷின் காட்டும் அளவு ஏறும். அன்று தாறுமாறாக ஏறியது. சூப்பர்வைசர் தமிழ்வாணனிடம் தெரிவித்தேன்.

அதன் பிறகு அவரும் செக்யூரிட்டி இருவரும் இசக்கிபாண்டியைக் குடோனுக்குள் தள்ளி, கரைப்பானைத் திருடிவிட்டு வேறெதையோ கலந்தான் என்று சொல்லி, ட்ரம் மூடி திறக்கும் ஸ்பேனரால் அடித்தார்கள். இசக்கிபாண்டியின் வாயிலிருந்து ரத்தத்தோடு பல் விழுந்தது. பின்னாலேயே போய் நின்ற என்னைப் பார்த்து, "நான் தொடவே இல்லக்கா, இன்னொருக்க பாருங்க" என்றார்.

அதன் பிறகு நான் ஓடிப்போய் இரண்டு செல்லிலும் சுத்தமான கரைப்பானையே ஊற்றிப் பார்த்தேன். அப்போதும் கலப்படம் என்றே காட்டியது. இந்த மிஷினுக்கு குவார்ட்ஸ் செல்தான் வைக்க வேண்டும், மாதிரி ஊற்றிய செல்லில் அந்த முத்திரை இல்லை. அது சாதாரணக் கண்ணாடி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் கண்ணாடி தானே அந்த ஒளியை விழுங்கிவிடும். திரும்பி ஓடி, "சார், அடிக்காதீங்க, செல்லு மாறிக் கிடக்கு, அவன் மேல தப்பில்ல" என்று கத்தினேன். செக்யூரிட்டிகள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு விலகினார்கள். தமிழ்வாணன் விலகவில்லை. "நேத்து செல்லு உடஞ்சிச்சு, நான்தான் வேற வெச்சேன். இப்ப இன்னான்ற? உள்ள போ" என்று சொல்லிக்கொண்டே, தரையில் கிடந்த இசக்கிபாண்டியின் வலது கையைச் சேஃப்டி ஷூவால் மிதித்தார். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது.

அதன் பிறகு அந்த ஸ்பேனரை எடுத்துத் தமிழ்வாணனின் தாடையில் அடித்தேன். அவர் சாய்ந்தார்.

அதன் பிறகு, இருவரையும் சேர்த்த ஆஸ்பத்திரியில் கம்பெனி வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டு, ட்ரம் உருண்டு இசக்கிபாண்டி அடிபட்டார் என்று சொன்னால் என் மீது புகார் இருக்காது என்றார். ட்ரம் எதுவும் உருளவில்லை. மூவரும் சேர்ந்து அடித்தார்கள். நான் தமிழ்வாணனை அடித்ததும் கை தவறி அல்ல. அவர் நிறுத்த வேண்டும் என்று அடித்தேன், வலிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். என் மீதும் வழக்கு வரும் என்று தெரிந்தே சொல்கிறேன், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) உ. சுகப்பிரியா